முதியோர் நடையும் உட்செவியின் நிலையறிவும்

(தசலக்ஷண பருவத்தின்போது ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

துறவோர் மேற்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் முதலில் வைத்து எண்ணப்படுவது ஈரியா சமிதி. பகல் வெளிச்சத்தில், பலரும் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியவாறு, ஓருயிரும் அடியில் படாமல் நடத்தல் அதன் இலக்கணம். எறும்பின் உயிரைக் காக்க வகுத்த அந்நெறி நடப்பவரின் இடுப்பெலும்பையும் சேர்த்தே காக்கிறது என்பதை எலும்பு முறிவு மருத்துவர் எவரும் ஒப்புக்கொள்வர். இருட்டில் நடவாதே, அறியாத வழியில் நடவாதே, பராக்குப் பார்த்து நடவாதே, விரையாதே என்று இன்றைய முதியோர் மருத்துவம் சொல்லும் நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆயினும், நிலத்தை எவ்வளவு கருத்தாக நோக்கினாலும், அந்த நிலமே சுழல்வதுபோல் தோன்றினால் முதியவர் என்ன செய்வார்? இவ்வுரை அந்தச் சுழற்சியைப் பற்றியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 65 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 28 முதல் 35 பேர் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் விழுகின்றனர். விழுந்ததனால் இறப்போர் உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோகின்றனர் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பிழைத்தவரிலும் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை.

விழுந்தவரைக் கேட்டால், "கால் தவறிவிட்டது" என்பார். வீட்டார், "தரை ஈரமாக இருந்தது" என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே ஈரத்தரையில் அன்று காலை பத்துப் பேர் நடந்திருக்க, இவர் மட்டும் ஏன் விழுந்தார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்குரிய விடை பல சமயங்களில் காதுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மேல் உட்செவி நிலையறிவில் குறை இருந்தது தெரியவந்தது. அக்குறையோடு தலைசுற்றலும் உடையவர்கள் விழுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்காக இருந்தது.

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். கண் ஒரு சாட்சி. சுவரும் தூணும் நேராக நிற்கின்றன என்று அது சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் இரண்டாவது சாட்சி. தரை எங்கே, எவ்வளவு சரிவு என்று அவை சொல்கின்றன. மூன்றாவது சாட்சி உட்செவி. கேட்கும் உறுப்பாகிய நத்தைச்சுருளை ஒட்டி, ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. அவற்றுள் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்நீர் பின்தங்கி அசைய, அவ்வசைவை நுண்ணிய மயிர்முனை உயிரணுக்கள் மூளைக்கு அறிவிக்கின்றன. குழல்களின் அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றின் தரையில் பசைபோன்ற படலத்தின்மேல் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்திருக்கும். தலை சாய்ந்தால் துகள்களின் எடை படலத்தை ஒரு பக்கம் இழுக்கும். மேல் எது, கீழ் எது என்று மூளை அறிவது அவ்வாறே. மூன்று சாட்சிகளும் ஒத்துச் சொன்னால் நடப்பவர் தம் நடையை நினைக்கவே மாட்டார். ஒரு சாட்சி பொய் சொன்னாலோ, மற்ற இரண்டும் வலுவிழந்திருந்தாலோ உடல் தடுமாறுகிறது. முதுமையில் மூன்றும் ஒன்றாகத் தளர்வதே இடர்.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வீடுகளில் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து நோய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. மருத்துவரிடம் சென்று, "அம்மாவுக்கு மயக்கமாக வருகிறது" என்று மகன் சொல்ல, மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து, ஏதோ ஒரு மாத்திரை எழுதித் தர, அத்தோடு விசாரணை முடிந்துபோகிறது. உண்மையில் தமிழில் இதற்கு வேண்டிய அளவு சொற்கள் உள்ளன. அறையும் கூரையும் சுற்றினால் அது தலைசுற்றல். பெரும்பாலும் காதின் வேலை. எழுந்து நிற்கையில் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது இரத்த அழுத்தம் இறங்குவதன் அறிகுறி. சுழற்சியும் இருட்டும் இல்லாமல் நடை மட்டும் தள்ளாடினால் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கலாம், மூளையும் காரணமாகலாம். நினைவே தப்பி விழுந்தால் இதயத்தை ஆராயவேண்டும். பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மக்கள், அவர்களுக்காகத் தாம் பேசாமல், எது சுற்றுகிறது, எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் முதியவர் வாயாலேயே சொல்லவிட்டால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு பாட்டியாரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபது கடந்தவர், நாள்தோறும் ஜினாலயம் சென்று மும்முறை வலம் வருபவர். ஒருநாள் விடியலில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் அறை முழுதும் சக்கரம்போல் சுழன்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுநாள் ஆலயத்தில் மானஸ்தம்பத்தின் உச்சியை அண்ணாந்து நோக்கியபோது மீண்டும் வந்தது. நெற்றி நிலத்தில் படக் குனிந்து வணங்கி எழும்போதும் வந்தது. பித்தம் என்றார் ஒருவர். இரத்தக் குறைவு என்றார் இன்னொருவர். "வயதானால் இப்படித்தான்" என்றனர் எல்லாரும். அவரும் குனிவதை விட்டார். பிறகு அண்ணாந்து நோக்குவதை விட்டார். வலப்பக்கம் படுப்பதை விட்டார். தலையைத் திருப்பாமல் விறைப்பாக நடக்கப் பழகினார். சில மாதங்களில் ஆலயத்துக்குத் தனியே போவதையும் விட்டார். நடை குறையவே தொடைத்தசை மெலிந்தது. கடைசியில் ஒரு நாள் இரவு எழுந்து போகையில் விழுந்தார். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அன்று. ஆனால் இப்படி ஒருவரை அறியாத குடும்பம் இந்த அவையில் அரிது.

அந்தப் பாட்டியாருக்கு நேர்ந்தது மிகச் சிறிய ஒரு கோளாறு. உட்செவிப் பையில் பதிந்திருக்கவேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் சில கழன்று, அரைவட்டக் குழல் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள், சென்றுவிட்டன. தலை குறிப்பிட்ட நிலைக்கு வரும்போதெல்லாம் துகள்கள் உருண்டு குழல் நீரை அசைக்கின்றன. தலை நின்றபிறகும் நீர் அசைவதால், உடல் சுழல்வதாக அந்தக் காது பொய்ச்சாட்சி சொல்கிறது. துகள்கள் படிந்ததும் சுழற்சி நிற்கிறது. அதனால்தான் அது ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. தலைசுற்றலுக்கு உட்செவி தரும் காரணங்களில் முதுமையில் மிகுதியும் காணப்படுவது இதுவே. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேறு நோய்களுக்காக முதியோர் மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சோதித்தபோது, 100-க்கு 9 பேருக்கு இக்கோளாறு யாரும் அறியாமலேயே இருந்தது. அந்த ஒன்பதின்மர் அண்மையில் விழுந்திருப்பதும், மனச்சோர்வு கொண்டிருப்பதும், அன்றாட வேலைகளில் பின்தங்கியிருப்பதும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. அவர்கள் கேட்டு வந்தது அந்நோய்க்கு மருத்துவம் அன்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

சுழற்சி காதிலிருந்து வருகிறது என்பதை உலகம் ஏற்பதற்கே நெடுங்காலம் ஆயிற்று. மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவது என்றே மருத்துவர்கள் நம்பியிருந்த காலத்தில், 1861-இல், பாரிசில் செவிடர்களுக்குரிய நிலையத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பேர் மெனியேர் அதற்கு உட்செவியே இடம் என்று எடுத்துரைத்தார். வியன்னாவில் இராபர்ட் பாரானி என்பவர் நோயாளியின் காதில் நீர் பாய்ச்சித் தூய்மை செய்யும்போது, நீர் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாக இருந்தாலும் தலைசுற்றுவதைக் கவனித்தார். வெப்பம் மாறினால் கண் அசையும் திசையும் மாறியது. அதைக்கொண்டு உட்செவியைச் சோதிக்கும் முறையையே வகுத்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் முதல் உலகப்போரில் பிடிபட்டு இரஷ்யச் சிறை முகாமில் இருந்தார். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இங்கிலாந்து மருத்துவர் இருவர், நோயாளியை அமர்த்தித் தலையை ஒரு பக்கம் திருப்பி விரைந்து படுக்கவைத்துக் கண்ணசைவை நோக்கும் சோதனையை விளக்கி எழுதினர். இன்றும் துகள் நகர்வை உறுதிசெய்வது அச்சோதனையே. அதற்குப் படம் எடுக்கும் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கட்டிலும் பயின்ற கண்களும் போதும். ஸ்கேன் எடுத்தும் "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வருவோர் பலர். துகள்கள் ஸ்கேனில் தெரியா.

அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர், துகள்கள் உருண்டு உள்ளே போயிருந்தால் உருட்டியே வெளியே கொணரலாம் என்று எண்ணினார். தலையைச் சோதனை நிலையில் சிறிது நேரம் வைத்து, பிறகு மறுபக்கம் திருப்பி, பிறகு உடலோடு இன்னும் உருட்டி, இறுதியில் எழுப்பி உட்காரவைத்தால், வளைந்த குழல் வழியே துகள்கள் படிப்படியாக நகர்ந்து தமக்குரிய பைக்குத் திரும்பிவிடும். 1980களில் அவர் இதைச் சொன்னபோது உடன்தொழிலர் பலர் நம்பவில்லை. சிலர் எள்ளி நகைத்தனர். மாத்திரையும் கத்தியும் இல்லாமல், தலையைத் திருப்பி நோய் தீர்ப்பதா என்பது அவர்கள் கேள்வி. 1992-இல் அவரது கட்டுரை வெளியான பிறகு பிறரும் செய்துபார்த்தனர். இன்று அதுவே முதல் மருத்துவம். ஐந்து நிமிடத்துக்குள் முடியும் அச்செயலால், ஓரிரு முறையிலேயே ஐவரில் நால்வர் அளவுக்குக் குணமடைகின்றனர். சிலருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மீண்டும் வரலாம். அப்போதும் அதே செயல் பயன்தரும். ஆனால் எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரியாமல் வீட்டிலேயே தலையைத் திருப்புவது தகாது. கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு அது ஊறு செய்யும். முதன்முறை காது-மூக்கு-தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், அல்லது பயின்ற இயன்முறை மருத்துவர் கையால் நடக்கவேண்டும்.

இவ்வளவு எளிய வழி இருந்தும் நடப்பது வேறு. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகளை ஓராண்டு, ஈராண்டு என்று விழுங்கிவரும் முதியோர் ஊர்தோறும் உள்ளனர். கடுஞ்சுழற்சியும் வாந்தியும் உள்ள ஓரிரு நாளுக்கு அவை உதவும். ஆனால் கழன்ற துகளை எந்த மாத்திரையும் திரும்பக் கொண்டுபோய் வைக்காது. 2017-இல் அமெரிக்கக் காது மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, இந்நோய்க்கு அத்தகைய மாத்திரைகளை வழக்கமாகத் தரவேண்டாம் என்றே கூறுகிறது. நெடுநாள் உண்டால் அவை முதியோரைத் தூக்கத்தில் ஆழ்த்தும். கைநடுக்கமும் நடைவிறைப்பும் உண்டாக்கும். விழுவதைத் தடுக்க எடுத்த மருந்தே விழச்செய்யும். வீட்டில் அத்தகைய மாத்திரை தொடர்ந்து இருந்தால், திடீரென்று நிறுத்தாமல், எதற்காக இது, இன்னும் எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேட்பது மக்களின் கடமை.

"எல்லாம் வினைப்பயன், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று சில பெரியோர் சொல்வதுண்டு. துன்பத்தைக் கலங்காமல் தாங்கும் அந்த உறுதி போற்றத்தக்கதே. ஆனால் வேதநீய வினை துன்பம் தரும் என்று உரைத்த அதே அறம், சாவகர் செய்யவேண்டிய நால்வகைத் தானங்களில் ஔஷத தானத்தை ஒன்றாக வைத்தது. தமிழில் சமணச் சான்றோர் இயற்றிய நீதிநூல்களில் இரண்டுக்கு ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயர்களே சூட்டப்பட்டன. மருந்தை வெறுத்த மரபு அப்படிப் பெயரிட்டிராது. தீரா நோயைப் பொறுப்பது தவம். ஐந்து நிமிடத்தில் தீரும் நோயைப் பொறுத்துக்கொண்டு, ஆலய வழிபாட்டையும் நடையையும் இழந்து, மருமகளின் கையை நம்பிப் படுத்திருப்பதை எந்த ஆகமமும் தவம் என்று சொல்லவில்லை. இந்த மருத்துவத்தில் ஊன் கலந்த மருந்துறையும் இல்லை, தேனும் இல்லை என்பதையும் தயங்கும் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

உட்செவியின் எல்லா நோயும் இத்தனை எளியதன்று. மெனியேர் பெயரைத் தாங்கிய நோயில் சுழற்சி மணிக்கணக்கில் நீடிக்கும். காதில் இரைச்சலும் அடைப்பும் கேள்விக் குறைவும் சேர்ந்து வரும். அதற்கு உப்பைக் குறைக்கச் சொல்வது வழக்கம். ஊறுகாய், அப்பளம், வடகம் மூன்றும் இல்லாமல் நோன்பு முறித்த மறுநாள் உணவு இறங்குமா என்பது வேறு கேள்வி! நிலையறிவு நரம்பில் அழற்சி வந்தால் நாள்கணக்கில் சுழலும். பிறகு மெல்லத் தணியும். இரண்டு காதும் ஒருங்கே நிலையறிவை இழப்பதும் உண்டு. ஜென்டமைசின், ஸ்டிரெப்டோமைசின் முதலிய ஊசிமருந்துகள் சிலருக்கு அவ்வாறு செய்துவிடும். ஸ்டிரெப்டோமைசினால் அப்படி ஆன அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952-இல் தம் நிலையைத் தாமே எழுதி வெளியிட்டார். நாடித்துடிப்பில் தலை அசைவதற்கே எழுத்துகள் துள்ளியதால், கட்டிலின் தலைப்பக்கக் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் நூல் படிக்க முடிந்தது. இத்தகையோர்க்குச் சுழற்சி இராது. பகலில் ஓரளவு நடப்பர். இருட்டில் கால் ஊன்ற முடியாது. "பகலில் நன்றாகத்தானே நடந்தார்" என்று வீட்டார் வியப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

குறைந்துபோன நிலையறிவுக்குப் பயிற்சியே மருந்து. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் தலையில் அடிபட்ட வீரர்களுக்காக காதார்ன், குக்சி என்ற இருவர் வகுத்த பயிற்சிகள் இன்றும் வழங்குகின்றன. கட்டைவிரலை நீட்டி அதன்மேல் பார்வையை நிறுத்தித் தலையை மெல்ல இருபுறமும் திருப்புதல், பிறகு நின்றவாறு அதையே செய்தல், பிறகு நடந்தவாறு செய்தல் என்று அவை படிப்படியாக ஏறும். தொடக்கத்தில் சற்றே தலைசுற்றும். அந்தச் சுற்றலே மூளைக்குப் பாடம். சுற்றுகிறதே என்று அசையாமல் படுத்திருப்பவருக்கு மூளை ஒன்றும் கற்பதில்லை.

இரண்டாவது சாட்சியாகிய பாதத்தைப் பற்றி, மரக்கறி உணவே உண்ணும் குடும்பங்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்லவேண்டும். வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. வயது ஏற ஏற வயிறு அதை உறிஞ்சும் ஆற்றல் குறைகிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கு இன்னும் குறையும். பி12 குறைந்தால் பாதம் மரத்து, தரை பஞ்சுபோல் தோன்றும். இருட்டில் தள்ளாட்டம் மிகும். ஓர் இரத்தச் சோதனையில் இது தெரிந்துவிடும். அந்த வைட்டமின் நுண்ணுயிர் நொதிப்பால் ஆக்கப்படுவது, ஊன் அன்று. வைட்டமின் டி குறைவு எலும்பை மெலியச் செய்வதோடு, துகள் கழலும் நோய் மீண்டும் மீண்டும் வருவதற்கும் துணைபோகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதைப் பொறுத்தவரை, கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. மருந்துறையும் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து ஆக்கப்படுவது. கற்பாசியிலிருந்து எடுத்து, ஊன்சாரா உறையில் வருவதும் உண்டு. கேட்டு வாங்கலாம்.

பருவ நாள்களின் நோன்பும் இங்கே எண்ணத்தக்கது. அட்டமி, சதுர்த்தசி நோன்பும், கதிர் மறைந்தபின் நீரும் அருந்தாத விரதமும் முதியோர் பலருக்கு வாழ்நாள் பழக்கம். ஆனால் முப்பது வயதில் நோன்பேற்ற உடல் வேறு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்ணும் எழுபத்தைந்து வயது உடல் வேறு. நீர் குறைந்த உடலில், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்திருக்கையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அளந்து பார்த்து, மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் அது ஒரு நோயென்றே கொள்ளவேண்டும். சர்க்கரை மாத்திரை உண்டு, உணவை விட்டால் வரும் கேடு இன்னும் கொடிது. நோன்பை விடச் சொல்வதன்று இது. நோன்புக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் பேசி வைப்பதே வேண்டுவது. நோன்பை முறித்து எழும்போது, முதலில் அமர்ந்து, காலைத் தொங்கவிட்டு, பிறகே நிற்கவேண்டும்.

காயோத்சர்க்க நிலையைப் பற்றியும் ஒரு சொல். பாதங்களுக்கு இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு, கண்களைத் தாழ்த்தி அசையாமல் நிற்பது அந்நிலை. நரம்பியல் மருத்துவர் நிலையறிவைச் சோதிக்க, பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லும் முறையோடு இது பெரிதும் ஒத்தது. முதல் சாட்சியை விலக்கி மற்ற இரண்டை மட்டும் நம்பி நிற்கும் நிலை. தேர்ச்சி பெற்றவர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. தள்ளாட்டம் உள்ளவர்க்கு இதைவிட ஆபத்தான நேரமும் இல்லை. அவர்கள் சுவரைப் பின்னே வைத்துக்கொண்டோ, அமர்ந்தோ செய்யலாம். தீர்த்தங்கரர் திருமேனிகள் நின்ற கோலத்திலும் உண்டு, அமர்ந்த கோலத்திலும் உண்டு. தமிழகத்துக் குன்றுகளில் செதுக்கியவற்றுள் பல அமர்ந்தவையே.

வீட்டில் விழும் இடங்களைச் சொல்லத் தேவையில்லை, எல்லார்க்கும் தெரிந்தவையே. குளியலறையின் ஈரம், உயர்ந்த நிலைப்படி, சுருண்ட பாய். ஒன்று மட்டும் இந்தச் சமூகத்துக்கே உரியது. விளக்கைத் தேடி வந்து பூச்சிகள் மடியும் என்று இரவில் வீட்டை முழு இருட்டாக வைத்துக்கொள்ளும் பெரியோர் உள்ளனர். அவர்கள் எண்ணம் உயர்ந்தது; ஆனால் இரவில் எழும் முதியவர்க்குக் கண் என்னும் சாட்சி அங்கே வாய்மூடிப்போகிறது. வெள்ளொளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். தரைக்கு அருகில், மூடிய கண்ணாடிக்குள், ஆள் நடந்தால் மட்டும் எரியும் சிறு மஞ்சள் விளக்குகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஆலயத்தில் அபிடேகம் முடிந்ததும் பாலும் நெய்யும் கருப்பஞ்சாறும் சிந்திய கல்தரையை உடனே துடைப்பதற்கு ஒருவரை நிறுத்துவதும், வலம்வரும் சுற்றில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அமைப்பதும் அறக்கட்டளைகளுக்குப் பெருஞ்செலவன்று. இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். படிவிளிம்பில் ஒரு வண்ணக்கோடு தீட்டினாலே போதும்.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, காணும் பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமற்போனாலோ, இதுவரை அறியாத கடுந்தலைவலி வந்தாலோ அது காதின் செயலன்று என்று கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மூளைக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடப்படவேண்டியது. எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்துக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் கழிந்துபோகும்.

இனி யாத்திரை. குந்தகுந்தர் திருவடிகள் உள்ள பொன்னூர் மலையும், நேமிநாதர் நின்ற திருமலையும், சிரவணபெளகொளவும் முதியோர் ஏற விரும்பும் இடங்கள். ஏறுவதைவிட இறங்குவதிலேயே விழுகின்றனர். அப்போது படியைக் காணத் தலை தாழ்கிறது, தொடை களைத்திருக்கிறது, வெயிலும் ஏறியிருக்கிறது. சம்மேதசிகரம் இன்னும் கடியது. ஏறவும் சுற்றவும் இறங்கவுமாக ஏறத்தாழ 27 கிலோமீட்டர்; வெயிலுக்கு முன் முடிக்கவேண்டும் என்று பலர் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கே வெறுங்காலுடன் புறப்பட்டுவிடுகின்றனர். நிலையறிவு குறைந்தவர்க்கு அந்த முதல் மூன்று மணி நேரமே இடர் மிகுந்தது. குழுவாகச் செல்வோர், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முதியோர் ஒவ்வொருவரிடமும், அண்மையில் விழுந்ததுண்டா, புரண்டு படுக்கையில் சுற்றுகிறதா, இருட்டில் நடக்க அச்சமா என்று கேட்டு, ஆம் என்றவரை மருத்துவரிடம் காட்டிவிடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் துகள் நோய் தீர்ந்துவிடும். தீராத குறை உள்ளவர்க்கு டோலி உண்டு. அல்லது விடிந்தபின் புறப்படும் சிறு குழு ஒன்றை அவர்களுக்கென அமைத்து, ஊன்றுகோலும் இளையவர் ஒருவரின் தோளும் தந்து, முடிந்த தொலைவு மட்டும் அழைத்துச் சென்று வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.